செல்லும் காசு, செல்லாத காசு

2021 ஜூலையில் மதுரை செல்லூரில் ஒரு வேடிக்கை நடந்தது. புதிதாகத் திறந்த ஒரு பிரியாணிக் கடை, ஐந்து பைசா நாணயம் கொண்டு வந்தால் பிரியாணி என்று அறிவித்தது. கொரோனா காலம். ஆனாலும் கூட்டம் முண்டியடித்தது. வீட்டுப் பரணிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் கிடந்த அலுமினியக் காசைத் தேடி எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நின்றார்கள். கடைசியில் போலீஸ் வந்து கடையை மூட வைத்தது.

இதில் ஒரு விஷயத்தை கவனித்தீர்களா? ஐந்து பைசா செல்லாத காசு. 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள எல்லா நாணயங்களும் 2011 ஜூன் 30-க்குப் பிறகு செல்லாது என்று மத்திய அரசே அறிவித்துவிட்டது. அந்தச் செல்லாத காசுக்குச் சுடச்சுட பிரியாணி கிடைத்தது.

அதே காலகட்டத்தில் மதுரை டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் என்ன நடந்தது? "இது செல்லாதுங்க, நோட்டு குடுங்க." டீக்கடையில் அதே பதில், பூக்கடையில் அதே பதில். அரசாங்கம் அச்சடித்து, ரிசர்வ் வங்கி வெளியிட்டு, சட்டப்படி நூற்றுக்கு நூறு செல்லுபடியாகும் நாணயம் அது!

செல்லாத காசு செல்கிறது, செல்லும் காசு செல்லவில்லை. அப்படியென்றால் ஒரு காசு செல்லும், செல்லாது என்று முடிவு செய்வது யார்?

காமர்ஸ் படிக்கும் எல்லோரும் முதல் வருடத்திலேயே மனப்பாடம் செய்யும் வரி ஒன்று உண்டு. பணத்தின் இலக்கணம் என்ன? பொது ஏற்புத்தன்மை. எல்லோரும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதால்தான் அது பணம். பரீட்சைக்கு எழுதி இரண்டு மார்க் வாங்கிவிட்டு மறந்துபோகிற இந்த வரிக்குப் பின்னால் இரண்டாயிரம் வருடக் கதை இருக்கிறது. அதில் பாதிக் கதை மதுரையைச் சுற்றியே நடந்திருக்கிறது.

தங்கம் பேசிய காலம்

மதுரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கீழடியில் 2021-ல் நடந்த அகழாய்வில் வெள்ளி முத்திரைக் காசு ஒன்று கிடைத்தது. முத்திரைக் காசு என்பது இந்தியாவின் மிகப் பழைய நாணய வகை. அதில் ராஜா பெயரும் இருக்காது, எழுத்தும் இருக்காது. வெள்ளித் தகட்டை எடை பார்த்து வெட்டி, சூரியன், மரம், விலங்கு என்று சின்னச் சின்ன முத்திரைகளைக் குத்தியிருப்பார்கள். வாங்குபவர் பார்த்தது வெள்ளியை.

பிறகு ரோமானியர்கள் வந்தார்கள். மிளகும் முத்தும் மஸ்லினும் இங்கிருந்து போக, பொன்னும் வெள்ளியும் அங்கிருந்து வந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை நம்மிடமிருந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது என்று புலம்பி எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பாஷையில் சொன்னால் வர்த்தகப் பற்றாக்குறை!

1898-ல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அதில் ஆச்சரியம் என்னவென்றால், பெரும்பாலான காசுகளில் ரோமச் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. அதில் ஒன்று, இதை இனி நாணயமாகப் பார்க்காதே, வெறும் தங்கமாக எடை போட்டுக்கொள் என்பதற்கான அடையாளம் அது என்பது. அப்படிப் பார்த்தால், இங்கே யாருக்கும் ரோம ராஜாவின் கையெழுத்து தேவைப்படவில்லை. தங்கம் தன் மதிப்பைத் தானே சொல்லிக்கொண்டது.

உள்ளூர் ராஜாக்களும் சும்மா இருக்கவில்லை. சங்ககாலப் பாண்டியர் வெளியிட்ட சதுரச் செப்புக்காசுகளில் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்று பொறித்திருக்கிறது. இதை உலகத்துக்குச் சொன்னவர் நாணயவியல் அறிஞரும் தினமலர் ஆசிரியருமான இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக்காசுகளைப் பற்றியும் அவர் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். 2021-ல் காலமானார்.

செப்புக்காசு என்பது முக்கியமான திருப்பம். தங்கத்தை உருக்கினால் தங்கம் மிஞ்சும். சின்னச் செப்புத்துண்டை உருக்கினால் என்ன பெரிதாக மிஞ்சும்? அதில் ராஜாவின் பெயர் வேண்டும், அந்தப் பெயர் மேல் ஊருக்கு நம்பிக்கை வேண்டும்.

பேச்சில் தங்கிவிட்ட காசுகள்

'பணம்' என்ற சொல்லே ஒரு நாணயத்தின் பெயர்தான். அரை கிராம்கூட இல்லாத, விரல் நுனியில் ஒட்டிக்கொள்கிற குட்டித் தங்கக்காசுக்குப் பணம் என்று பெயர். வெள்ளைக்காரன் அதை 'ஃபனம்' ஆக்கினான். நம்முடைய 'காசு' போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போய், கிழக்கிந்திய கம்பெனியின் சின்னச் செப்பு நாணயத்துக்கு 'கேஷ்' என்று பெயராயிற்று.

அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் பொங்கலுக்கு நடக்கும் சல்லிக்கட்டுக்குப் பெயர்க் காரணம் சொல்லும்போது, மாட்டின் கொம்பில் சல்லிக்காசு முடிந்த துணியைக் கட்டிவிடுவதைத்தான் சொல்வார்கள். சல்லி என்றால் சில்லறைக் காசு. "சல்லிக்காசு தேறாது", "தம்பிடி பெறாது", "காலணா பிரயோஜனமில்லை" என்று திட்டும்போதெல்லாம் ஒரு நாணயக் கண்காட்சியே வாயில் ஓடுகிறது. தம்பிடி என்பது அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

கம்பெனி காலத்தில் மதராஸ் ராஜதானியில் கணக்குப் போடுவது இன்றைய காஸ்ட் அக்கவுன்ட்ஸை விடக் கஷ்டம். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது ஒரு வராகனுக்கு 3360 காசு! போதாக்குறைக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு நாணயங்கள். காசைத் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, எடை போட்டு மதிப்புச் சொல்வதற்கென்றே சராப்புகள் இருந்தார்கள். அதற்குக் கூலியும் வாங்கினார்கள்.

1835-ல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் வந்தது. எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 16 அணா ஒரு ரூபாய், 12 தம்பிடி ஒரு அணா.

காகிதம் சொன்ன வாக்குறுதி

1861-ல் காகிதப் பணச் சட்டம் வந்தது. அதுவரை தனியார் வங்கிகளும் நோட்டு அடித்துக்கொண்டிருந்தன. இனிமேல் அரசாங்கம் மட்டும்தான் என்றானது. ஆனால் அந்த நோட்டுகளுக்கும் எல்லை இருந்தது. நாடு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. மதராஸ் வட்டத்து நோட்டை கல்கத்தாவில் கொடுத்து வெள்ளி வாங்குவது உங்கள் சட்டப்பூர்வ உரிமை இல்லை. 1903-ல் ஐந்து ரூபாய் நோட்டுதான் முதலில் பர்மா நீங்கலாக எங்கும் செல்லும் என்றானது. 1911 வாக்கில் நூறு ரூபாய் வரைக்கும் அந்த வசதி வந்தது. ஆக, சென்னையில் செல்லும், ஊரில் செல்லாது என்ற கதை புதுசு இல்லை.

முதல் உலகப் போரின்போது வெள்ளி விலை தாறுமாறாக ஏறியது. ஒரு ரூபாய் நாணயத்தை உருக்கி விற்றால் ஒரு ரூபாய்க்கு மேல் கிடைக்கும் நிலை. 1917-ல் ஒரு ரூபாய்க்கே நோட்டு அடித்தார்கள். அடுத்த வருடம் இரண்டரை ரூபாய் நோட்டுகூட வந்தது. 1940-ல் நாணயத்தில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் வெள்ளி முழுதாகப் போய் நிக்கல் வந்தது. இரண்டாயிரம் வருடமாக உலோகத்தை நம்பிய கை, அத்தோடு அரசாங்கத்தின் சொல்லை மட்டும் நம்பப் பழகியது.

அந்தச் சொல் என்ன என்று பார்க்க ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுங்கள். "நூறு ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வாசகமும், கீழே ரிசர்வ் வங்கி கவர்னரின் கையெழுத்தும் இருக்கும். இப்போது ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தால் பாருங்கள். அதில் உறுதிமொழியே இருக்காது, கையெழுத்து போட்டிருப்பவர் நிதித்துறைச் செயலாளர். காரணம், சட்டத்தின் கண்ணில் ஒரு ரூபாய் நோட்டும் நாணயம்தான். நாணயம் அரசாங்கத்தின் சரக்கு, மற்ற நோட்டுகள் ரிசர்வ் வங்கியின் கடன்பத்திரம் மாதிரி.

நோட்டின் பின்பக்கம் 15 மொழிகள் உள்ள கட்டத்தில் தமிழ் பதின்மூன்றாவது வரி. ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியிருப்பதால் சமஸ்கிருதத்துக்கும் தெலுங்குக்கும் நடுவில் வரும்.

அணா போய் நயா பைசா வந்தது

1957 ஏப்ரல் 1-ல் ரூபாய் நூறு பைசாவாகப் பிரிந்தது. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்க 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். 1964-ல் 'நயா' உதிர்ந்தது. நாலணா என்றால் 25 பைசா, எட்டணா என்றால் 50, பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு அணா என்றால் ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? ஒரு அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19 என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். மூன்று தனித்தனி அணாவை மாற்றினால் 18, சேர்த்து மாற்றினால் 19! அந்த ஒரு பைசாவுக்காகக் கடை வாசல்களில் எத்தனை சண்டை நடந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

செல்லாது என்று சொன்ன நாட்கள்

அரசாங்கமே செல்லாது என்று சொன்ன கதைகளும் உண்டு. 1946-ல் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள். 1978-ல் 1000, 5000, 10,000. இந்த இரண்டு முறையும் சாமானியர்களுக்கு அது தூரத்துச் செய்தி. பத்தாயிரம் ரூபாய் நோட்டை யார் கண்ணால் பார்த்தார்கள்?

2016 நவம்பர் 8 அப்படி இல்லை. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே ராத்திரியில் செல்லாமல் போனது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே பிறகு கணக்குச் சொன்னது. திரும்பாத அந்தச் சொச்சத்தில் யாருடைய பணமெல்லாம் இருந்தது? 2019-ல் திருப்பூர் மாவட்டத்தில் வயதான சகோதரிகள் இரண்டு பேர், தங்கள் மருத்துவச் செலவுக்கும் இறுதிச் சடங்குக்கும் என்று சேர்த்து வைத்திருந்த 46 ஆயிரம் ரூபாயை வெளியே எடுத்தபோதுதான் அது மூன்று வருடம் முன்பே செல்லாமல் போனது தெரிந்தது. கறுப்புப் பணம் வைத்திருந்தவருக்கு முதல் நாளே தெரிந்த விஷயம், கஞ்சி குடித்து மிச்சம் பிடித்தவர்களுக்கு மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது.

2023 மே மாதம் 2000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சட்டப்படி செல்லும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் மறுநாளே அதை வாங்கத் தயங்காத கடை அபூர்வம்.

அமெரிக்காவிலும் இதே கதை

நாம் காகிதப் பணச் சட்டம் போட்ட அதே 1861-ல்தான் அமெரிக்க அரசும் முதன்முதலாகப் புழக்கத்துக்கான காகித நோட்டுகளை அடித்தது. அன்று முதல் இன்று வரை அமெரிக்க அரசு வெளியிட்ட எந்த நோட்டையும் செல்லாது என்று அறிவித்ததில்லை. 1861 நோட்டையும் முகமதிப்புக்குக் கொடுக்கலாம். (சேகரிப்பாளர்கள் பல மடங்கு கொடுப்பார்கள் என்பதால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.)

அந்த அமெரிக்காவிலும் ஒரு நாணயம் செல்லவில்லை. 1979-ல் சூசன் பி. அந்தோனி என்ற பெண்ணுரிமைப் போராளியின் முகத்தோடு ஒரு டாலர் நாணயம் வந்தது. பார்க்கக் கால் டாலர் மாதிரியே இருந்ததால் ஜனங்கள் குழம்பி ஒதுக்கினார்கள். 2000-ல் தங்க நிறத்தில் ஒன்று, 2007 முதல் ஜனாதிபதிகளின் முகங்களோடு இன்னொரு வரிசை. எதையும் வாங்க ஆளில்லை. சுமார் 140 கோடி நாணயங்கள் பெட்டகங்களில் குவிந்த பிறகு, 2011 இறுதியில் புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். உலகமே நம்பும் டாலருக்கே இந்த கதி!

சரி, பத்து ரூபாய்க்கு வருவோம்

பத்து ரூபாய் நோட்டு சீக்கிரம் அழுக்காகும், கிழியும். நாணயம் பல பத்தாண்டுகள் நிற்கும். அதனால்தான் இரட்டை உலோகத்தில், 27 மில்லிமீட்டர் அகலத்தில் இந்த நாணயம் 2009-ல் புழக்கத்துக்கு வந்தது. 2010-ல் நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார் வடிவமைத்த ரூபாய்ச் சின்னத்தை அரசு ஏற்றது. 2011 முதல் அடித்த நாணயங்களில் அந்தச் சின்னம் ஏறியது. அங்கே ஆரம்பித்தது வினை. சின்னம் இருப்பது அசல், இல்லாதது போலி என்று ஒரு வதந்தி. பத்துக் கோடு உள்ளது அசல், பதினைந்து கோடு உள்ளது போலி என்று இன்னொன்று.

2016 நவம்பரில் ரிசர்வ் வங்கி மறுப்பு வெளியிட்டது. 2018 ஜனவரியில் மறுபடியும், இதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று பட்டியலே போட்டது. மாவட்ட ஆட்சியர்களும் அறிவிப்பு விட்டார்கள். ஆனால் கடைக்காரரின் கேள்வி வேறு: "செல்லும்னு எனக்கும் தெரியும் தம்பி. நான் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாங்களே!"

இந்த ஒரு வாக்கியத்தில் மொத்தப் பணவியலும் அடங்கிவிட்டது. அவர் நாணயத்தைச் சந்தேகப்படவில்லை, அடுத்த ஆளைச் சந்தேகப்படுகிறார். அடுத்த ஆளும் அதற்கடுத்த ஆளை. எல்லோருக்கும் உண்மை தெரிந்தும் யாரும் வாங்குவதில்லை.

இதில் நஷ்டம் யாருக்கு? உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து தெருவில் பூ விற்கும் ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். முழம் பூவுக்கு ஐந்து பேர் பத்து ரூபாய் நாணயம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வியாபாரம் கெடக்கூடாது என்று வாங்கிக்கொள்கிறார். மறுநாள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அதை வாங்க ஆளில்லை, பஸ்ஸிலும் இல்லை. வங்கிக்குப் போய் வரிசையில் நின்றால் அரை நாள் வியாபாரம் போச்சு. அன்றைய லாபமே அந்த ஐம்பது ரூபாய்தான். வங்கியில் கணக்கும் போனில் யூபிஐயும் இருப்பவனுக்கு இது வேடிக்கை. கையில் வருவதே சில்லறையாக வரும் மனிதருக்கு இது கூலி வெட்டு.

2022-ல் தருமபுரி மாவட்டத்து இளைஞர் ஒருவர் இந்தக் கோபத்தில் பத்து ரூபாய் நாணயங்களாகவே 6 லட்சம் சேர்த்து, சேலத்தில் கார் வாங்கிக் காட்டினார். நல்ல பாடம்தான். ஆனால் ஒரு சட்ட நுணுக்கம்: 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை 1000 ரூபாய் வரை மட்டுமே 'செல்லும் பணம்' என்று வற்புறுத்தலாம். அதற்கு மேல் வாங்குவது எதிராளியின் இஷ்டம். 50 பைசா என்றால் பத்து ரூபாய் வரை. ஆமாம், 50 பைசாவும் சட்டப்படி இன்னும் செல்லும். நீட்டிப் பாருங்கள், கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்!

ராஜா முகத்தை வெட்டிவிட்டுத் தங்கத்தை எடை போட்ட ஊர், வெள்ளி போனபின் அரசாங்கத்தின் சொல்லை நம்பிய ஊர், இப்போது அரசாங்கம் செல்லும் என்று சொன்னாலும் பக்கத்துக் கடைக்காரர் சொன்னால்தான் நம்புகிறது. சட்டத்தால் ஒரு காசைச் செல்லாமல் ஆக்க முடிகிறது. செல்ல வைக்க, வாங்குகிற கை ஒன்று வேண்டும்.

அதனால் அடுத்த முறை யாராவது பத்து ரூபாய் நாணயம் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதை அந்தப் பூக்கார அம்மாவிடம் தள்ளிவிடாமல், வங்கிக்குப் போகும்போது நீங்களே கட்டிவிடுங்கள். போகிற வேலைதானே?

கொசுறு 1: நாணயத்தில் வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா நாணயச் சாலை.

கொசுறு 2: கிழிந்த நோட்டைக் கமிஷன் கடையில் பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள். 20 ரூபாய் வரையிலான நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் வங்கியில் முழுப்பணம். 50-க்கும் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுப்பணம், 40 முதல் 80 வரை இருந்தால் பாதி.